வாயாங் கொட்டகைத் திரையில் விழுந்த ஓட்டைகள்

என் வாழ்நாளில் எத்தனை பேர் வாயிலிருந்து நெருப்பைப் பிடுங்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தீயணைக்கிறவர்கள்கூட அவ்வளவு அணைத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வண்டி உண்டு, மணி உண்டு, பளபளவென்று தொப்பி உண்டு. எனக்கு இருந்தது ஒரு மரப்பெட்டி, அதில் கடல் மணல், அப்புறம் இந்த வாய்.

போன மாதம் டவுனில் படம் பார்க்கப் போயிருந்தேன். படம் தொடங்குமுன் திரையில் பெரிய எழுத்தில் ‘புகை பிடிக்காதீர்’ என்று காட்டினார்கள். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அது போய்விட்டது. சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட்டுப் பற்றவைத்தார்கள். டார்ச் விளக்கு வைத்திருந்த பெண் ஒருத்தி எனக்கு முன்வரிசைக்காரனிடம் குனிந்து குனிந்து கெஞ்சினாள். அவன் படத்தைப் பார்த்தபடியே அவள் மூஞ்சியில் ஊதினான். வெளியே வரும்போது அவளிடம், “நானும் இந்த வேலைதான் பாத்தேன், பதினாலு வருஷம்” என்றேன்.

“சும்மா சொல்லாதீங்க ஆச்சி. அந்தக் காலத்துல ஏதுலா இந்த ரூலெல்லாம்?” என்று சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்று பட்டது. பஸ் வந்துவிட்டதால் அங்கே நின்று பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன். எனக்குக் கடைப் பலகை படிக்கும் அளவுக்குத்தான் எழுத்து தெரியும். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது. ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

என் பெயர் காத்தாயி. சுங்கை பினாங்கில் பலகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் முதுகு போன பிறகு நான் வேலை தேடி, டவுனில் ஒரு வாயாங் கொட்டகையைப் பெருக்கப் போனேன். படம் காட்டும் இடத்துக்கு அப்போது எல்லாரும் மலாய்க்காரரைப் போல வாயாங் என்றுதான் சொல்வோம். ஆறு மாதம் பெருக்கினேன். அதில் நான் கற்ற பாடம் ஒன்றுதான். ஆண்கள் பக்கம் பெருக்க ஒரு மணி நேரம் ஆகும், பெண்கள் பக்கத்துக்குக் கால் மணி போதும். பெண்கள் வெற்றிலைச் சாற்றைச் சொம்பில் துப்புவார்கள். ஆண்கள் சாம்பலை எங்கே தட்டுவார்கள் என்பது அவர்களைப் படைத்தவனுக்கே தெரியாது.

கொட்டகை பலகையால் கட்டி மேலே தகரம் போட்டது. மழை பெய்தால் பாண்டு வாத்தியம் காதில் விழாது. படம் அப்போது பேசாது. ஓர் ஆள் ஓரமாக நின்று கதையைச் சொல்வார். படம் பேசாத குறையைப் பெண்கள் பக்கம் தீர்த்து வைத்தது. நடுவில் நீளமாக ஒரு நீலத் திரை தொங்கும். அதற்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு பெஞ்சு பெண்களுக்கு, அந்தப் பக்கம் மற்றதெல்லாம் ஆண்களுக்கு. திரை சீமைத் துணி. கொட்டகை முதலாளியான சீனத் தவுக்கே எங்களை எல்லாம் விட அந்தத் துணியைப் பெரிதாக மதித்தார்.

பெண்கள் பக்கத்துக்கு ஒரே வாசல். அதனால் உள்ளே நெருப்பு கூடாது என்பது கொட்டகைச் சட்டம். ஆண்கள் பக்கத்துக்கு நாலு வாசல், ஆகவே எவ்வளவு வேண்டுமானாலும் ஊதலாம். ஆண்பிள்ளை நெருப்புக்கு மூளை உண்டு, அது திரை ஓரம் வரைக்கும் வந்து நின்றுவிடும் என்று தவுக்கே நினைத்தாரோ என்னவோ. பெண்களில் யார் புகைத்தார்கள் என்று இப்போதுள்ள பெண்கள் கேட்கலாம். யார் புகைக்கவில்லை என்று கேளுங்கள். நம் கிழவிகள் சுருட்டு, மலாய்க்காரப் பெரியம்மாக்களான மக்சிக்கள் இலையில் சுருட்டிய ரோக்கோ, உள்ளூர்ச் சீனரான நோன்யா வீட்டுப் பெரியவர்கள் தந்தக் குழாயில் சிகரெட்டு. கொட்டகை வாசலில் வந்து இறங்கும்போது ரிக்‌ஷா ஒவ்வொன்றும் ரயில் எஞ்சின் மாதிரி புகைந்துகொண்டு வரும்.

ஒரு நாள் ஒரு மக்சிக் ரோக்கோவை அணைக்க மாட்டேன் என்று வாசலில் சண்டை போட்டார். நான் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, “மக்சிக், நீங்க பாதியில விட்டா நான் பத்திரமா வெச்சிருந்து திருப்பித் தர்றேன். உள்ள போயி முழுசும் பிடிச்சா வீட்டுக்குப் போகும்போது ஒண்ணுமில்லையே” என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தார். அதை மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே துடைப்பம் வேறொருத்தி கைக்குப் போனது. நான் பெண்கள் வாசலுக்கு வந்தேன்.

மேனேஜர் அமீது நானாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாகூர்ப் பக்கத்து மனிதர், அவர்கள் வழக்கப்படி அண்ணனை நானா என்போம். நாற்பத்தைந்து வயது. வெள்ளைக் கோட்டு, கறுப்புத் தொப்பி, அத்தர் மணக்கும் கைக்குட்டை. வழியில் பூனை படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு போவார். அவர் குரலை உயர்த்தி ஒருவரும் கேட்டதில்லை. சாதாரண நாளில் எங்களை “ஏ, வா, போ” என்று உரிமையாகப் பேசுவார். கோபம் வந்தால்தான் மரியாதை ஏறும். அவர் அறையில் விருந்தாளிக்கென்று ஒரு நாற்காலி உண்டு. வேலைக்காரர் யாரையாவது கூப்பிட்டு, “உக்காருங்க” என்று அந்த நாற்காலியைக் காட்டினால் நிலைமை மோசம் என்று அர்த்தம். எதிர்க் கடைக்குச் சொல்லியனுப்பிக் கோப்பி வரவழைத்தால் வேலை போயிற்று. குடித்து முடித்ததும், “இனிமே நீங்க சிரமப்பட வேணாம்” என்று கைகூப்பி வாசல் வரை வந்து அனுப்பி வைப்பார். டிக்கெட் கிழித்த மாரிமுத்து அப்படித்தான் போனான். கண் கலங்க வெளியே வந்தவனிடம் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, “கோப்பி நல்லாத்தான் இருந்துச்சுக்கா. சக்கரைதான் தூக்கல்” என்றான்.

இனி என் பெட்டி. தேயிலை வந்த மரப்பெட்டி அது. பாதிக்குக் கடல் மணல், வாரம் ஒரு முறை மாற்றுவேன். மணலின் மேல் விரலால் பன்னிரண்டு கோடு போடுவேன். ஒரு கோடு ஒரு பெஞ்சு. பெண்கள் வாசலுக்கு வந்ததும் முதலில் வணக்கம். பிறகு வீட்டு நலம். அதற்குப் பிறகுதான் கையை நீட்ட வேண்டும். வந்ததும் வராததுமாகக் கையை நீட்டினால் பிடுங்குவது போலாகிவிடும், தரமாட்டார்கள். வாங்கும்போது நடுவில் பிடிக்கக்கூடாது, வாய் வைத்த முனையில் தொடவே கூடாது. நெருப்புக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்து, மணலில் செருகி, ஒரு திருகு திருக வேண்டும். நசுக்கினால் சுருட்டு செத்துப் போகும், திரும்பப் பற்றாது. வாய் முனை மேலே நிற்க வேண்டும். யார் எந்த பெஞ்சில், வாசலிலிருந்து எத்தனையாவது ஆளாக உட்கார்ந்தாரோ அந்தக் கோட்டில் அதே இடத்தில் அவர் சுருட்டு. படம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் அவரவர் எச்சில் அவரவர் கைக்குப் போகும். எழுத்து தெரிந்தவளாக இருந்தால் சீட்டுக் கட்டியிருப்பேன், அந்தச் சீட்டை ஈரம் அழித்திருக்கும். என் கோடு ஒரு நாளும் அழியவில்லை.

ஒரே ஒரு முறை தவறியது. சம்பந்திகள் இருவர், ஜென்மப் பகை, ஒருவர் வைத்த தண்ணீரை ஒருவர் குடிக்க மாட்டார். படத்தின் நடுவில் யார் தலையோ மறைக்கிறது என்று இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குத் தெரியாது. இடத்தின்படி கொடுத்தேன். இருவரும் வாசலிலேயே பற்றவைத்துக்கொண்டு நடந்தார்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மறு சனிக்கிழமை பெண்ணைப் பெற்றவர் என்னிடம் ரகசியமாக, “போன வாரம் என்னவோடி, சுருட்டு ஒரு தனி ருசியா இருந்துச்சு. உன் மணலு ராசியா?” என்றார். ஆமாம் பெரியம்மா, மணல்தான் என்றேன். இன்றுதான் முதல் முறையாக வெளியே சொல்கிறேன். இருவரும் இப்போது இல்லை. கேட்பாரற்றுப் போன சுருட்டுகள் என்ன ஆயின என்று மட்டும் என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த மூன்றாவது வருஷத்தில்தான் திரையில் ஓட்டை விழத் தொடங்கியது.

முதல் ஓட்டை பட்டாணி அளவு. விளிம்பு கருகியிருந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. அப்புறம் இரண்டு. ஓட்டை விழுந்த இடத்தில் கண் முளைக்குமே, முளைத்தது. ஒரு நோன்யா கிழவி கொண்டை ஊசியை உருவி ஓட்டைக்கு நேராகப் பிடித்ததும் அந்தக் கண்ணுக்கு உரியவர் படத்தின் மேல் திடீரென்று அக்கறை கொண்டார். ஐந்தாவது ஓட்டைக்குத் தவுக்கே வந்தார். ஒவ்வொரு ஓட்டையிலும் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார். மேனேஜரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் என்னிடம் வந்து சொன்னார்.

“காத்தாயி, இன்னொரு ஓட்டை விழுந்தா திரையக் கழட்டிருவாராம். பொம்பளைங்க வாசலுக்கு ஆணி அடிச்சிட்டு பன்னண்டு பெஞ்சையும் ஆம்பளைங்களுக்கு விட்டுருவாராம்.”

“அப்ப பொம்பளைங்க?”

“வீட்டுல இருக்கட்டுமாம்.”

“நானு?”

அவர் என்னைப் பார்க்காமல் கைக்குட்டையை மடித்தார். அதுதான் பதில்.

எனக்கு வேலை போனால் அடுப்பு அணையும். அது என் கவலை. ஆனால் அந்தப் பன்னிரண்டு பெஞ்சுப் பெண்களில் பாதிப்பேருக்கு வாரத்தில் வீட்டை விட்டு வெளியே வருகிற ஒரே வழி அந்த வாசல். அதற்கு ஆணி அடிப்பதாவது. என் வாசலில் என்னை மீறி நெருப்பு உள்ளே போயிருக்கிறது என்று சொல்கிறார்களே, அந்த அவமானம் வேறு. உள்ளே போன ஒவ்வொருத்தியின் சுருட்டும் என் மணலில் நின்றதே! எண்ணிப் பார்த்தேன், மணலில் நின்றது.

ஆனால் ஆண்கள் பக்கத்துச் சிகரெட்டுப் புகைக்கு நடுவிலும் பெண்கள் பக்கம் சுருட்டு வாடை தனியாக அடித்தது. அதுதான் எனக்குக் கழுத்தில் கத்தி. இருட்டில் பெஞ்சு பெஞ்சாக நடந்தேன். ஒரு பொறியும் தெரியவில்லை. பற்றவைத்த சுருட்டு இருட்டில் கண் மாதிரி தெரியுமே, எங்கே? வாடை மட்டும் கமகமவென்று வந்தது. இரண்டு வாரம் இப்படியே போனது. பேய் வந்து பிடிக்கிறதோ என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் சிரிப்புப் படம். ஒரு குண்டன் ஏணியோடு சேர்ந்து சேற்றில் விழுந்தான். பன்னிரண்டு பெஞ்சும் வாய் பிளந்து சிரித்தது. ஒன்பதாவது பெஞ்சில் சுவரோரமாக ஒரே ஒருத்தி மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு குலுங்கினாள். படத்து வெளிச்சம் அவள் முகத்தில் பட்டது. மூக்கிலிருந்து இரண்டு கோடாகப் புகை இறங்கியது.

அவள் பெயர் அப்பலம்மா. தெலுங்குக்காரி. அக்கரையில் சுங்கை பாக்காப் தோட்டத்தில் இருந்துவிட்டு, வயதான காலத்தில் மகனோடு எங்கள் பக்கம் குடிவந்தவள். கொட்டகைக்கு வருகிறவர்களிலேயே பண்பானவள் என்று நான் நினைத்திருந்தது அவளைத்தான். படம் ஓடும்போது ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஏதாவது கேட்டால்கூட “ம்” என்று தலையை மட்டும் ஆட்டுவாள். ஆகா, என்ன அடக்கம் என்று மற்றவர்களுக்கு உதாரணம் காட்டியிருக்கிறேன்.

கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். “வாயத் திறக்கா” என்றேன். திறந்தாள். நாக்கின் மேல் சுருட்டு படுத்திருந்தது. எரிகிற முனை உள்ளே, எரியாத முனை உதட்டில்.

“அய்யோ, சுடாதா?”

அவள் அதை நிதானமாக வெளியே எடுத்தாள். “பத்து வயசுலேந்து இப்படித்தான். எங்க ஊருல பொம்பளைங்க எல்லாம் இப்படித்தான். காத்து அடிச்சா அணையாது, மழை பேஞ்சா நனையாது, மாமனாருக்குத் தெரியாது.”

“உள்ள நெருப்புக் கூடாதுன்னு தெரியுமில்ல?”

“கொட்டகைக்குள்ள கூடாது. தெரியும். இது என் வாய்க்குள்ளதானே அம்மா இருக்கு?”

கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் மனிதர் என்னதான் செய்வது. நான் நின்று யோசித்தேன். இவளைக் கொண்டுபோய் மேனேஜர் முன் நிறுத்தினால் வாடைக்கு ஆள் கிடைத்துவிட்டது, என் தலை தப்பும். ஆனால் ஓட்டை? நெருப்பை உள்ளே வைத்திருப்பவள் திரையில் எப்படி ஓட்டை போடுவாள்? நாக்கை நீட்டியா? அவளும் சுவரோரம், திரையிலிருந்து வெகு தூரம். அவளைக் காட்டிக் கொடுத்தால் பழி எல்லாம் பெண்கள் பக்கம் நிலைத்துவிடும். அவளைத் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் இடம் மாற்றி உட்கார வைத்தேன். “இருமல் வந்தா வாளிக்குள்ள இருமுக்கா” என்றேன்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு மணிக் காட்சியில்தான் கண்ணால் கண்டேன். நடுவில் கச்சாங் விற்பவன் ஆண்கள் பக்கம் கூவிக்கொண்டு நடந்தான். பெண்கள் பக்கம் அவன் வரக்கூடாது, அதுவும் சட்டம். வறுத்த கடலை வேண்டுமென்றால் பெண்கள் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகனையோ மருமகனையோ கூவித்தான் வாங்க வேண்டும். முதல் பெஞ்சில் ஒரு அம்மா, “ஏலே முத்தையா! ரெண்டு பொட்டலம் கச்சாங் வாங்கிக் குடுறா!” என்று போட்டார் ஒரு சத்தம். அந்தச் சத்தம் அடங்குமுன் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் நீலத் திரையில் குங்குமப் பொட்டு வைத்தது போல ஒரு சிவப்பு. பொட்டு பெரிதாயிற்று. கருகிய விளிம்பு. ஆறாவது ஓட்டை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நம் ஆட்கள் அம்மா முன்னால் புகைக்க மாட்டார்கள். மீசை நரைத்து மருமகன் எடுத்தவன்கூட அம்மா குரல் காதில் விழுந்தால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவான். அது அவன் செய்வதல்ல, கை தானாகச் செய்வது. நடுவில் திரை தொங்குகிறது, அம்மாவுக்குத் தெரியாது என்பதெல்லாம் கைக்கு எங்கே புரியும்? பெஞ்சின் திரையோர முனையில் உட்கார்ந்திருப்பவன் கை பின்னால் போனால் பக்கத்துத் திரையில்தான் போய் முட்டும். ஓட்டைகள் எல்லாம் ஒரே உயரத்தில், உட்கார்ந்த ஆண்பிள்ளையின் இடுப்புக்கு நேராக இருந்தன. இத்தனை நாள் அதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

காட்சி முடிந்ததும் மேனேஜர் ஆள் அனுப்பினார். போனேன்.

“வாங்கம்மா. உக்காருங்க” என்றார்.

உட்கார்ந்தேன். அந்த நாற்காலி அவ்வளவு மெத்தென்று இருக்குமென்று அதுவரை எனக்குத் தெரியாது. எதிரே கோப்பி வந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

“சாப்பிடுங்க.”

“சூடா இருக்கு நானா. ஆறட்டும்” என்றேன். அதைக் குடித்து முடிக்கும் வரையில்தான் எனக்கு வேலை. எனக்கென்ன, பைத்தியமா குடிக்க? “ஓட்ட போட்டது ஆம்பளைங்க. நான் என் கண்ணால பாத்தேன்” என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “அம்மா, திரை ஓரம் உக்கார்றவங்க எல்லாம் படிச்சவங்க, ஆபீசுல வேலை செய்யிறவங்க. அவங்க அப்படிச் செய்வாங்களா? பொம்பளைங்க பக்கம் சுருட்டு வாடை வர்றது எனக்கும் தெரியும்.”

“வாடை திரையில ஓட்ட போடாது நானா. அஞ்சு மணிக் காட்சிக்கு நீங்களே அந்தப் பக்கம் திரை ஓரமா நின்னு பாருங்க. ஆம்பளைங்க பக்கத்துலேர்ந்து ஓட்ட விழலேன்னா நான் வந்து இந்தக் கோப்பியக் குடிச்சிட்டுப் போறேன். நீங்க வாசல் வரைக்கும் வரக்கூட வேணாம்.”

நியாயமான மனிதர் அவர். கோப்பி மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டு எழுந்தார்.

அஞ்சு மணிக்கு யாராவது ஒரு கிழவியைக் கடலைக்குக் கூவவிடலாம் என்றுதான் என் திட்டம். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. ஆனால் அன்றைக்கென்று பார்த்து முதல் பெஞ்சில், திரையை ஒட்டி, வெள்ளைத் துப்பட்டியில் மேனேஜரைப் பெற்ற உம்மா! மாதத்துக்கு ஒரு முறை வருவார். மகனே கைத்தாங்கலாகக் கொண்டுவந்து அதே இடத்தில் உட்கார வைத்துவிட்டுப் போவார். எழுபது வயது, குரல் மட்டும் இருபது வயது. படம் ஓடத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் திரைக்கு மேலாக ஒரு வாசனை வந்தது. அத்தரும் வெள்ளைக்காரச் சிகரெட்டும் கலந்த வாசனை. அவர் அறையை ஆறு மாதம் பெருக்கியவள் நான், எனக்குத் தெரியாதா? காவலுக்கு நிற்க வந்தவர், சும்மா நிற்பானேன் என்று பற்றவைத்திருக்கிறார்.

இனிமேல் நான் செய்ததை வேண்டுமென்றேதான் செய்தேன். உம்மா காதருகில் குனிந்தேன்.

“உம்மா, கச்சாங்காரன் வந்திருக்கான். உங்க மவன் இதோ திரைக்கு அந்தாண்டதான் நிக்கிறாரு.”

“அப்படியா?” என்றவர் திரும்பவில்லை, எழவில்லை. இருந்த இடத்திலிருந்தே, “ஏய் அமீது! இஞ்ச வா வாப்பா! உம்மாவுக்குக் கச்சாங் வாங்கித் தா!” என்றார். பாண்டு வாத்தியக்காரர்கள் ஒரு நொடி நிறுத்தினார்கள்.

திரையில் பொட்டு விழுந்தது. சிவந்தது. விரிந்தது. அதற்குள்ளிருந்து சிகரெட்டு நுனி அரை அங்குலம் எட்டிப் பார்த்தது. என் கை மூன்று வருஷமாகப் பழகிய கை. நெருப்புக்கு ஒரு விரற்கடை மேலே, வாய் முனையைத் தொடாமல், பிடித்து மெல்ல இழுத்தேன். அந்தப் பக்கத்து விரல்கள் விட்டுவிட்டன. ஈரத் துணியால் திரையை ஒரு ஒத்து ஒத்தினேன். சிகரெட்டை மணலில் முதல் கோட்டின் ஓரத்தில் செருகி, ஒரு திருகு திருகினேன்.

“இதோ வாங்கித் தாரேன் உம்மா” என்று திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. முதல் பெஞ்சு முழுக்கப் பார்த்துவிட்டது. சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போயிற்று. வாளிக்குப் பக்கத்தில் அப்பலம்மா வாயை மூடிக்கொண்டு குலுங்க, அவள் மூக்கில் அன்று ரயிலே ஓடியது.

படம் முடிந்தது. எல்லாருக்கும் அவரவர் சுருட்டைக் கொடுத்தேன். மணலில் ஒன்று மிச்சம். அதை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் உட்கார்ந்திருந்தார். மேசையில் கோப்பி, மேலே தட்டு. நான் அந்தத் தட்டை எடுத்து அதில் அரைச் சிகரெட்டை வைத்தேன், வாய் முனை அவர் பக்கம் இருக்கும்படி.

“முதல் பெஞ்சு ஓரம் நானா. உங்க பொருளு.”

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாற்காலியைக் காட்டுவாரா என்று நான் பார்த்தேன். காட்டவில்லை.

“உம்மா பாத்துட்டாங்களா?” என்றார்.

“உம்மா படம் பாத்தாங்க நானா.”

பெருமூச்சு விட்டார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அப்புறம் பழைய குரலில் மடமடவென்று சொன்னார்.

“நாளைக்கே ஆம்பளைங்க பெஞ்செல்லாம் திரையிலேர்ந்து ரெண்டு முழம் தள்ளிப் போடச் சொல்லு. கச்சாங்காரன் பொம்பளைங்க பக்கமும் போவட்டும். யாரும் யாரையும் கூப்பிட வேணாம். தவுக்கேகிட்ட நான் பேசிக்கிறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தச் சுருட்டு வாடை?” என்றார்.

“எது நானா? நெருப்பு எதுவும் என் கண்ணுல படலியே.”

அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார், தட்டில் கிடந்த சிகரெட்டைப் பார்த்தார், கேட்கவில்லை.

“அப்புறம் ஏன் மரம் மாதிரி நிக்கிற? போ, போயி வாசலப் பூட்டு” என்றார்.

கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். ஆடை படிந்து ஆறிப்போன அந்தக் கோப்பியை இரு கையாலும் எடுத்து, ஒரே மூச்சில் அவரே குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்து முகத்தைச் சுளித்தார்.

“சக்கர தூக்கல்” என்றார்.